கல்லீரல் நோயும் நம் கடமையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. 25 ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தின் துணையால் படித்து வெளியேறிய பிள்ளைகள் இன்று நாற்பது வயதை ஒட்டி நிற்கின்றனர். அவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள். தம்பி தங்கையரைப் படிக்க வைத்தவர்கள். கூரை வீட்டைக் காரை வீடாக்கியவர்கள். கல்லீரல் நோய் பெரும்பாலும் வெளிப்பட்டு உயிரைக் கேட்பது இந்த நடுவயதில்தான். முதியவர் ஒருவர் மறைந்தால் வீடு அழுகிறது. உழைக்கும் வயதினர் மறைந்தால் வீடே விழுந்துவிடுகிறது. பிள்ளைகளின் படிப்பும் அத்துடன் நின்றுவிடுகிறது. ஆதலின் கல்லீரலைக் காப்பதும் கல்வியைக் காப்பதன் ஒரு பகுதியே.

மேலும் மருத்துவ அறிவு நமக்குப் புதியதன்று. பண்டிதர் அயோத்திதாசர் (1845-1914) சித்த மருத்துவராக விளங்கியவர். 1907 ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி மக்களின் அறிவுக் கண்ணைத் திறக்க உழைத்தவர். எழுத்தையும் மருத்துவத்தையும் ஒருங்கே கைக்கொண்ட அப்பெரியார் வழியில் வந்த நாம், உடல்நலத்தைப் பாடமாகக் கொள்வது மிகவும் தகும்.

ஓசையின்றி உழைக்கும் உறுப்பு

வயிற்றின் வலப்புறத்தில் விலா எலும்புகளின் கீழே அமைந்திருப்பது கல்லீரல். உடலின் உள்ளுறுப்புகளில் இதுவே பெரியது. வளர்ந்த மனிதரிடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை கொண்டது. நாம் உண்ணும் உணவின் சத்துக்களில் பெரும்பாலானவை குடலிலிருந்து இரத்தத்தின் வழியே முதலில் இங்குதான் வந்து சேர்கின்றன. சர்க்கரையைச் சேமித்து வைத்து வேண்டும்போது வழங்குவதும், பித்தநீரைச் சுரப்பதும், காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குவதும், உடலில் புகுந்த நஞ்சை முறிப்பதும் கல்லீரலின் பணிகள்.

இவ்வுறுப்பிற்கு இரண்டு இயல்புகள் உண்டு. முதலாவது, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல். அறுவை மருத்துவத்தில் பெரும்பகுதி நீக்கப்பட்டாலும் எஞ்சிய நல்ல ஈரல் மீண்டும் வளர்ந்து ஈடுகட்டிவிடும். இரண்டாவது, மௌனம். ஈரலின் உட்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. பல்லில் சிறு சொத்தை விழுந்தால் இரவெல்லாம் தூக்கம் போகிறது. ஈரலில் பாதி பழுதானாலும் மனிதர் வழக்கம் போல் வேலைக்குச் சென்று வருகிறார். முதல் இயல்பு நமக்குக் கிடைத்த வரம். இரண்டாவது இயல்பினால் அந்த வரத்தை நாம் இழந்துவிடுகிறோம்.

தொடர்ந்து தாக்கப்படும் ஈரலில் முதலில் கொழுப்புப் படிகிறது அல்லது அழற்சி உண்டாகிறது. பின்னர் ஆறிய புண்ணில் தழும்பு விழுவதுபோல் உள்ளே தழும்பு படர்கிறது. தழும்பு முற்றி ஈரல் இறுகிச் சுருங்கும் நிலையைச் சிரோசிஸ் என்பர். அதன் பிறகே கண் மஞ்சளாதல், நம் முன்னோர் மகோதரம் என்றழைத்த வயிற்று நீர்க்கோவை, கால் வீக்கம், இரத்த வாந்தி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றுகின்றன. அந்நிலையில் மருத்துவமனைக்கு வருபவரை ‘நேற்று வரை நன்றாகத்தானே இருந்தார்’ என்று வீட்டார் சொல்வது வழக்கம். பல ஆண்டுகளாக உள்ளே நடந்துகொண்டிருந்த கேடு வெளியே தெரிந்த நாள் மட்டுமே நேற்று.

எத்தனை பேருக்கு?

கல்லீரல் நோய் எங்கோ ஒருவருக்கு வரும் அரிய நோய் என்பது தவறான எண்ணம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் கல்லீரல் நோய்களால் இறக்கின்றனர். நிகழும் மரணங்களில் 25 இல் ஒன்று இதனால் நேர்வது. இறப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஆண்கள்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் பி வகைக் கல்லீரல் அழற்சி வைரசுடனும், 5 கோடிப் பேர் சி வகை வைரசுடனும் வாழ்ந்தனர். அவர்களுள் இந்தியாவில் மட்டும் பி வகை உடையோர் 2 கோடியே 98 இலட்சம். சி வகை உடையோர் 55 இலட்சம். சீனத்திற்கு அடுத்த இடம் நம் நாட்டுக்கு. இவர்களில் பெரும்பாலோர்க்குத் தம் உடலில் அக்கிருமி இருப்பதே தெரியாது.

இவற்றினும் பரவலானது கொழுப்புக் கல்லீரல். உலகில் வளர்ந்தோருள் பத்தில் மூவர்க்குக் குறையாமல் இது காணப்படுகிறது. இந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2022 இல் வெளியான கணக்கு, நம் நாட்டில் வளர்ந்தோருள் மூன்றில் ஒருவர்க்கும் மேல் என்கிறது. இவர்கள் அனைவரும் நோய் முற்றி வீழ்ந்துவிடுவதில்லை. சிலர்க்கே அது அழற்சியாகவும் தழும்பாகவும் மாறுகிறது. ஆயினும் மூன்றில் ஒருவர் என்னும் பெருந்தொகையில் சிலர் என்றாலும் அது இலட்சக்கணக்கில் முடியும்.

இந்நோய்கள் விதியால் வருவன அல்ல. பெரும்பாலானவற்றின் காரணங்கள் இன்று பெயர் சொல்லிக் காட்டத்தக்கவை. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மது

மதுவில் உள்ள ஆல்கஹாலைச் சிதைத்து வெளியேற்றும் பணியின் பெரும்பகுதி கல்லீரலையே சார்ந்தது. அவ்வாறு சிதைக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு ஈரல் அணுக்களைத் தாக்குகிறது. அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். குவார்ட்டர் என்று மக்கள் சொல்லும் 180 மில்லி புட்டியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் இருப்பின், அதில் தூய ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். பீர் கெடுதி செய்யாது என்று நம்புவோர் உளர். 650 மில்லி பீர்ப் புட்டியில், 5 விழுக்காடு என்றால் 25 கிராமும், கடும் பீராகிய 8 விழுக்காடு என்றால் 40 கிராமும் உள்ளன. கடும் பீர் இரண்டு புட்டி குடித்தவர் ஒரு குவார்ட்டரைவிட மிகுதியாகவே குடித்தவராகிறார். ஈரலுக்குப் புட்டியின் பெயர் தெரியாது. கிராம் கணக்கு மட்டுமே தெரியும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்போரில் பத்தில் ஒன்பது பேர்க்கு ஈரலில் கொழுப்புப் படிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் சிரோசிஸ் நிலையை அடைகின்றனர். பெண்களுக்குக் குறைந்த அளவிலேயே இக்கேடு நேர்கிறது. முன்பே பி அல்லது சி வகை வைரசு உடையவர்க்கும், உடற்பருமன் உடையவர்க்கும் கேடு விரைவில் வருகிறது. இவ்வளவு வரை குடித்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்று 2023 இல் உலக நலவாழ்வு நிறுவனம் தெளிவாக அறிவித்துள்ளது.

இங்கே ஒரு பழியை மறுத்தாக வேண்டும். குடி ஏதோ நம் மக்களின் பிறவிக் குணம் என்பதுபோல் பேசுவோர் இன்றும் உளர். தமிழகத்தில் 2019-21 இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மது அருந்துவோர் எனத் தெரிந்தது. இது எல்லாச் சாதியையும் எல்லா வகுப்பையும் சேர்த்த கணக்கு. மாடி வீட்டில் குடிப்பவரும் நோயுறுகிறார். குடிசையில் குடிப்பவரும் நோயுறுகிறார். வேறுபாடு அதற்குப் பிறகே வருகிறது. முன்னவர் தொடக்கத்திலேயே சோதனை செய்துகொள்கிறார். பின்னவர் ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சி நாளைக் கடத்துகிறார். கொல்வதில் பாதி மது என்றால், மறு பாதி தாமதம்.

கள்ளச் சாராயத்தின் கொடுமை வேறு. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேர்க்கு மேல் உயிரைக் குடித்தது. மெத்தனாலைச் சிதைக்க முற்படும் கல்லீரலே அதனை ஃபார்மிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சாக மாற்றிவிடுகிறது. கண் பார்வையும் உயிரும் போகின்றன. காக்கும் உறுப்பையே கருவியாக்கிக் கொல்லும் நஞ்சு அது.

குடியை நிறுத்தினால் பயன் உண்டா என்று கேட்போர்க்கு உறுதியாகச் சொல்கிறோம்: உண்டு. கொழுப்பு நிலையில் நிறுத்தினால் சில வாரங்களிலேயே ஈரல் தேறத் தொடங்கும். சிரோசிஸ் நிலையில் நிறுத்தினாலும் ஆயுள் நீளும். ஆனால் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். ஆதலின் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடி, மருந்தின் துணையோடு நிறுத்துதல் வேண்டும். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று சுவரில் எழுதுவது எளிது. குடிப்பவரின் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பெரும்பணி.

இரத்தத்தின் வழியே வருவன

பி வகை, சி வகை வைரசுகள் இரத்தத்தின் வழியே பரவுகின்றன. பி வகை உடலுறவாலும், பிள்ளைப்பேற்றின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். ஒருவர்க்குப் போட்ட ஊசியை மற்றவர்க்குப் போடுதல், பலர்க்கும் ஒரே சவரக் கத்தி, தூய்மை செய்யாத பச்சை குத்தும் ஊசி ஆகியவை கிருமிக்கு வாயில்கள். 2009 ஆம் ஆண்டில் குஜராத்தின் மோடாசா வட்டாரத்தில், ஒருமுறை பயன்படுத்திய ஊசிகளை மீண்டும் பயன்படுத்தியதால் பி வகை நோய் பரவி 90 பேர் அளவில் மாண்டனர். காய்ச்சல் என்றதும் ஊசி போட்டால்தான் மருத்துவம் என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மாத்திரை போதுமான இடத்தில் ஊசி வேண்டாம். வேண்டுமெனில், உறை பிரிக்காத புதிய ஊசியைக் கண்முன் பிரிக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

தூய்மைப் பணியாளர் நிலையை இவ்விடத்தில் தனியே சொல்லியாக வேண்டும். ஊரின் அழுக்கை அகற்றும் தொழில் சாதியின் பெயரால் நம்மவர் தலையில் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013 இல் வந்தது. ஆயினும் மருத்துவமனைக் குப்பையிலும் தெருக் குப்பையிலும் கிடக்கும் ஊசிகள் இன்றும் நம் சகோதர சகோதரியரின் விரல்களையே குத்துகின்றன. எய்ட்ஸ் கிருமியைவிடப் பி வகைக் கிருமி ஊசிக் காயத்தால் பன்மடங்கு எளிதில் தொற்றும். உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடிருக்கும். மருத்துவக் கழிவுகளைக் கையாளும் எல்லாப் பணியாளர்க்கும் பி வகைத் தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை என்று 2016 ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் என்று சொல்லி ஒதுக்குவதற்கு இதில் இடமில்லை. மூன்று முறை போடும் தடுப்பூசி இது: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஊசி குத்திவிட்டால் காயத்தைச் சோப்பு நீரால் கழுவி, அன்றே மருத்துவரைக் காணவேண்டும்.

பி வகை வைரசைக் கண்டறிந்த பரூக் பிளம்பெர்க் 1976 இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த நாளாகிய சூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. இக்கிருமியின் தன்மை ஒன்றை ஒவ்வொரு தாயும் அறிந்திருத்தல் நலம். வளர்ந்தவர்க்குத் தொற்றினால் பெரும்பாலும் தானே நீங்கிவிடும். நூற்றில் ஐவர்க்கும் குறைவாகவே நிலைத்து நிற்கும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ நூற்றில் தொண்ணூறு பேர்க்கு நிலைத்துவிடும். பிற்காலத்தில் சிரோசிசும் ஈரல் புற்றுநோயும் வருவதற்கு அது வித்தாகும். எனவேதான் குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். தைவான் நாடு 1984 இல் பிறந்த குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. அங்கே பத்துக் குழந்தைகளில் ஒருவரிடம் காணப்பட்ட கிருமி, பதினைந்து ஆண்டுகளுக்குள் நூற்றில் ஒருவரினும் குறைவாயிற்று; குழந்தைகளின் ஈரல் புற்றுநோயும் குறைந்தது. நம் நாட்டில் 2002 இல் சில இடங்களில் தொடங்கிய இத்தடுப்பூசி 2011 முதல் நாடு முழுவதற்கும் விரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் இதனைப் பெறாதவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் நல்ல செய்தி ஒன்று உண்டு. நாள்தோறும் மாத்திரை உட்கொண்டால் பெரும்பாலும் 12 வாரங்களில் நூற்றில் 95 பேர்க்கு மேல் அக்கிருமி முற்றிலும் நீங்கிவிடுகிறது. பி வகையை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். 2018 சூலை 28 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இவ்விரண்டிற்கும் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

நீரும் சேறும்

ஏ வகை, ஈ வகை வைரசுகள் மலம் கலந்த நீரால் வருவன. 1955-56 இல் தில்லி மாநகரின் குடிநீரில் சாக்கடை கலந்து, ஏறத்தாழ 29,000 பேர்க்குக் காமாலை கண்டது. அது ஈ வகை நோய் என்பது பல்லாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. பெரும்பாலோர் இந்நோயிலிருந்து தாமே தேறிவிடுவர். கருவுற்ற பெண்களுக்கோ இது கூற்றுவன். பேறுகாலத்தின் இறுதி மாதங்களில் தாக்கினால் ஐவரில் ஒருவர் அளவுக்கு இறந்துபட நேர்கிறது.

நீர் நமக்கு வெறும் நலவாழ்வுச் செய்தி மட்டுமன்று. 1927 மார்ச்சு 20 இல் மகாட் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகியது நம் வரலாறு. 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டதும், குழந்தைகள் நோயுற்ற பின்னரே அது தெரிய வந்ததும் நம் காலத்துச் செய்தி. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சேரித் தெருக்கள் இன்றும் உள்ளன. நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பது வீட்டின் கடமை. தூய நீரைத் தெருவுக்குக் கொண்டு வருவது ஊராட்சியின் கடமை. முன்னதைச் செய்தோம் என்பதற்காகப் பின்னதைக் கேளாமல் விடலாகாது.

சேற்றில் இறங்கி நடவு செய்வோர்க்கும் சாக்கடைப் பணி செய்வோர்க்கும் எலிக் காய்ச்சல் வருவதுண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு புண் வழியே உட்புகுந்து காய்ச்சலையும், கெண்டைக்கால் வலியையும், முற்றினால் காமாலையையும் உண்டாக்கும். தொடக்கத்தில் தக்க மருந்து கொடுத்தால் குணமாகும். மருத்துவரிடம் ‘சேற்றில் வேலை செய்தேன்’ என்று ஒரு சொல் சொல்லிவிடுவது நோயை விரைந்து அறியத் துணையாகும்.

தட்டில் இருப்பவை

கொழுப்புக் கல்லீரல் செல்வர் வீட்டு நோய் என்று கருதுதல் தவறு. மெலிந்த உடலினர்க்கும் இது வருகிறது. சர்க்கரை நோய், வயிற்றுப் பருமன், இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகியவை இதன் தோழர்கள். வயலில் நாள் முழுதும் உழைத்த பாட்டன் உண்ட அளவுச் சோற்றை, மேசை முன் அமர்ந்து பணியாற்றும் பேரன் உண்டால், மிகுந்த மாவுச்சத்து கொழுப்பாக மாறி ஈரலில் தங்குகிறது. அதன்மேல் பரோட்டாவும், இனிப்புக் குளிர்பானமும், எண்ணெய்ப் பலகாரமும் சேர்கின்றன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். இந்நோய்க்குச் சிறந்த மருந்து விலையில்லாதது: உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தாலே ஈரலின் கொழுப்பும் அழற்சியும் குறைகின்றன. சோற்றைக் குறைத்துப் பயறும் கீரையும் காயும் கூட்டுதலும், நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடத்தலும் போதும்.

வறுமையும் ஈரலைத் தாக்கும். 1974 இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் பழங்குடிச் சிற்றூர்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை வேறு உணவின்றி உண்டவர்களில் 397 பேர் காமாலையுற்றனர். 106 பேர் இறந்தனர். பூஞ்சையிலிருந்து தோன்றும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சே காரணம். அது நாட்பட ஈரல் புற்றுநோயையும் விளைவிக்கும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் சோளத்தையும் வீணாகிறதே என்று உண்ணலாகாது. கழுவியும் வறுத்தும் அந்நஞ்சை முழுதும் போக்க இயலாது.

மருந்தே கேடாகும்போது

காமாலை என்றதும் கீழாநெல்லியை நாடுவது நம் வழக்கம். அம்மூலிகையை அறிவியலும் புறக்கணிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளம்பெர்க்குடன் சேர்ந்து அதனை ஆராய்ந்து, பி வகைக் கிருமியை நீக்குவதில் நம்பிக்கை தரும் முடிவை 1988 இல் இலண்டன் இதழொன்றில் வெளியிட்டனர். ஆயின் பின்னர்ப் பல நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பயன் உறுதிப்படவில்லை. ஏ வகைக் காமாலை தானே இறங்கிவிடும் இயல்புடையது. எதனைக் குடித்தாலும் அதனால் குணமானதாகத் தோன்றும். அதே நம்பிக்கையில் பி வகை நோயாளரும், சிரோசிஸ் உற்றவரும், பித்தக் குழாய் அடைபட்டவரும் மாதக்கணக்கில் காத்திருப்பதே ஆபத்து. காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களின் அடையாளம். எந்த நோய் என்பதை இரத்தச் சோதனையே சொல்லும்.

காய்ச்சல் மாத்திரையாகிய பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலை அழிக்கும். குடிப்பழக்கம் உடையவர்க்கு இன்னும் எளிதில் அழிக்கும். காசநோய் மாத்திரைகள் சிலர்க்கு ஈரலைத் தாக்குவதுண்டு. அதற்காக அவற்றை அஞ்சித் தவிர்த்தல் கூடாது. பசியின்மை, வாந்தி, கண் மஞ்சள் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

புதிய தீண்டாமை வேண்டாம்

அன்பர்களே! நாம் இங்குச் சொல்ல வந்தவற்றுள் தலையாய செய்தி ஒன்று உண்டு. பி வகைக் கிருமி இருப்பது தெரிந்தவுடன் அவர்க்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் தலைகாட்டுகிறது. கருவுற்றபோது செய்த சோதனையில் கிருமி தெரிந்த மருமகளைத் தாய்வீட்டிற்கு அனுப்புகின்றனர். அது அவளுக்கு அவள் தாயிடமிருந்தோ, கணவனிடமிருந்தோ, ஓர் ஊசியிலிருந்தோ வந்திருக்கலாம் என்று எவரும் எண்ணுவதில்லை. ஈரல் நோய் என்றதும் குடிகாரர் என்று ஊர் பேசும் என அஞ்சி, ஒரு துளி மதுவையும் தொடாதவர்கள்கூட நோயை மறைத்து மாள்கின்றனர்.

தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்து நின்ற மக்கள் நாம். நம் வீட்டு அடுக்களையில் இன்னொரு குவளையைத் தனியே கவிழ்த்து வைப்பது நமக்குத் தகுமா? பி வகையும் சி வகையும் ஒன்றாக உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ, கட்டித் தழுவுவதாலோ, இருமலாலோ பரவா. தடுப்பூசி பெற்ற குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதற்கும் தடையில்லை. சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் பகிராதிருத்தலும், வீட்டில் உள்ள மற்றவர்கள் சோதனை செய்து தடுப்பூசி போட்டுக்கொள்ளுதலுமே தேவை. நோயாளரை ஒதுக்கினால் அவர் சோதனைக்கு வர அஞ்சுவார். சோதனைக்கு வராதவரின் நோய் முற்றும், பிறர்க்கும் பரவும். ஆகவே ஒதுக்குதல் இழிவு மட்டுமன்று, நோயை வளர்ப்பதும் ஆகும்.

சங்கம் செய்யத்தக்கவை

இனி இச்சங்கத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, நம் தெருக்களில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் பி வகைச் சோதனை செய்துகொள்ளவும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி பெறவும் மகளிர் குழுவினர் பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டாவது, தூய்மைப் பணியாளர், செவிலியர், மருத்துவமனை ஊழியர் ஆகியோரின் பெயர்ப் பட்டியலைத் திரட்டி, மூன்று தடுப்பூசிகளையும் பெற்றனரா எனக் கேட்டு, பெறாதவர்க்காக உரிய அலுவலரிடம் எழுத்து வடிவில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களை உருவாக்கியதே இச்சங்கத்தின் 25 ஆண்டுப் பயன்.

மூன்றாவது, ஆண்டுதோறும் சூலை 28 இல் அரசு மருத்துவமனையின் துணையோடு ஈரல் சோதனை முகாம் நடத்த வேண்டும். முப்பது வயது கடந்தோர், மது அருந்துவோர், சர்க்கரை நோயுடையோர், முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டோர், வீட்டில் ஈரல் நோயாளர் உள்ளோர் ஆகியோர் முதலில் வரட்டும்.

நான்காவது, குடியிலிருந்து மீள விரும்புவோர்க்குத் துணையாக, முன்பே மீண்டவர்களைக் கொண்ட சிறு குழு ஒன்று அமைய வேண்டும். அறிவுரை கேட்டுச் சலித்தவர்க்கு அனுபவம் உடையவரின் சொல் நுழையும்.

ஐந்தாவது, மாலைப் படிப்பகத்தில் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் இவ்வுரையின் செய்திகளைத் தம் வீட்டுப் பெரியவர்க்குப் படித்துக் காட்ட வேண்டும். படிக்காத தந்தைக்குப் படித்த பிள்ளை செய்யத்தக்க கைம்மாறுகளில் இதுவும் ஒன்று.

பெரியோர்களே! கல்லீரல் மன்னிக்கும் உறுப்பு. காலத்தில் கவனித்தால் பழைய காயங்களை ஆற்றிக்கொண்டு மீண்டும் உழைக்கும். ஆயினும் அது தன் துன்பத்தைத் தானே வாய்விட்டுச் சொல்வதில்லை. கேளாதவர்க்கு எதுவும் கிடைக்காது என்பதை நம் மக்களுக்குக் கற்பித்த சங்கம் இது. பள்ளியில் இடம் கேட்டோம், உதவித்தொகை கேட்டோம், வேலை கேட்டோம். அவ்வாறே சோதனையையும் தடுப்பூசியையும் தூய நீரையும் கேட்போம். இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் இப்பிள்ளைகள், பொன்விழாவின்போது தம் தாய் தந்தையரை அருகில் அமர்த்திக்கொண்டு இவ்வரங்கில் இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு நம் கையில் உள்ளது. செயல் தொடங்குவதே எஞ்சியது.